ஆசாரி அடிச்ச கத்தி

ஏனுங் தம்பி, பக்கத்துல இருக்கறது நீங்கதானுங்களே? சித்த முன்னால உங்கம்மாவை உள்ள அனுப்பி வெச்சுட்டு வந்து உக்காந்தீங்களே, அந்தத் தம்பிதானே? நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. என்னைய அந்த வாசக் கேட்டு வரைக்கும் கையைப் புடிச்சுக் கொண்டுபோயி உட்டுருங்க. அங்கிருந்து நான் பஸ் ஏறிக்குவேன். என்ற ஊட்டுக்காரி ஊசிக்குச் சீட்டு வாங்கோணும்னு வரிசையில நிக்கறா. அவ திரும்பி வர்றதுக்குள்ள நான் கெளம்பிரோணும்.

ஓடிப் போறானேன்னு நெனைக்காதீங்க. பூசாரிவலசு நாச்சிமுத்து எதுக்கும் ஓடுனவன் இல்லீங்க. கண்ணுக்குள்ள ஊசி போடோணுங்கறாங்க தம்பி. கையில இல்லை, இடுப்புல இல்லை, கண்ணுக்குள்ள! எடது கண்ணு போயிருச்சு, சரி, அது என்ற கெரகம். வலது கண்ணு நல்லாத்தானுங்களே இருக்குது? காலையில டாக்டர் பாத்துட்டு, வலதுலயும் நடுவுல நீர் கோத்து வீங்கியிருக்குது, இப்பவே ஊசி போட்டா இருக்கறதைக் காப்பாத்தலாம், உட்டா இதுவும் போயிரும்ங்கறாரு. நல்லா இருக்கற கண்ணுல எதுக்குங்க ஊசி?

மூடித்தானம்மா இருக்கறேன். நர்சம்மா, மூடித்தான் இருக்கறேன், பேசக்கூடாதுன்னு சொல்லலையே நீங்க.

இது வேற தம்பி. எரிச்சலா ஒரு மருந்தை உட்டுட்டுப் போயிட்டாங்க. கண்ணு பாப்பா விரியோணுமாம், அரை மணி நேரம் மூடியே உக்காந்திருக்கோணுமாம். கண்ணாஸ்பத்திரின்னு பேரு, வந்தவனையெல்லாம் கண்ணை மூடி உக்கார வெச்சுருக்கறாங்க. நல்ல கூத்து.

என்ற கண்ணு எப்பேர்ப்பட்ட கண்ணுன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. நான் சேவக்கட்டுல கத்தி கட்டறவன். சேவலோட கால்ல முள்ளு இருக்குமுங்களே, அந்த எடத்துல சுண்டு வெரல் நீளத்துக்குக் கத்தியை வெச்சு நூல் சுத்திக் கட்டோணும். ஒரு நெல்லு மொனை அளவு தள்ளிப் போச்சுன்னா, எதிரியை அடிக்கறதுக்குப் பதிலாச் சேவல் தன்ற தொடையையே கிழிச்சுக்கும். நாப்பது வருசமாக் கட்டுனேன். என்ற கட்டுல போன சேவல் எத்தனை சேவலைக் குடலோட சாச்சிருக்குதுன்னு எங்க பக்கம் வந்து கேட்டுப் பாருங்க. தோத்த சேவலைச் செயிச்சவன்தான் எடுத்துட்டுப் போவான், அதுக்குக் கோச்சைன்னு பேரு. தை மாசம் பூரா எங்கூட்டுல கோச்சைக் கொழம்பு கொதிச்சுட்டே இருக்கும்.

சக்கரை பதினாலு வருசமா இருக்குதுங்க. இருக்குதுன்னு அவங்க சொல்றாங்க. எனக்கு ஒரு நோவும் இல்லீங்களே. மாத்திரை குடுத்தாங்க. ஒடம்பு நல்லா இருக்கற நாள்ல எதுக்கு மருந்தைத் திங்கோணும்? நோம்பி நொடிக்கு மட்டும் போட்டுக்குவேன். அன்னைக்குத்தானுங்களே இனிப்புத் திங்கறோம்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால எங்கூர்ப் பள்ளிக்கூடத்துல கண்ணுக் கேம்பு போட்டாங்க. பாவாத்தா, அதான் என்ற ஊட்டுக்காரி, நச்சு நச்சுன்னு நச்சி இழுத்துட்டுப் போனா. ஒரு பலகையில எழுத்து எழுதி வெச்சிருந்தாங்க. மேல பெருசு, கீழ போகப் போகப் பொடிசு. அத்தனையும் படிச்சேனுங்க. கடைசி வரி கடுகாட்டம் இருந்துச்சு, அதையும் படிச்சேன். ஒப்புக்கிட்டாங்களா? ஒரு சின்னப் புள்ள, டாக்டராம், வெளக்கடிச்சுப் பாத்துட்டு, “ஐயா, சக்கரையினால கண்ணுக்குப் பின்னாடி ரத்தம் கசிய ஆரம்பிச்சிருக்குது. இப்பப் பார்வை நல்லாத்தான் இருக்கும். இப்பவே வைத்தியம் பண்ணிட்டா இப்படியே காப்பாத்திக்கலாம்”னுச்சு. “ஏம்மா, நல்லா இருக்குதுன்னு நீயே சொல்றே, அப்பறம் எதுக்கு வைத்தியம்? ஓடற வண்டியை எவனாச்சும் ஒர்க் ஷாப்புல கொண்டுபோயி நிறுத்துவானா?”ன்னேன். சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. அந்தப் புள்ளைக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அது எழுதிக் குடுத்த சீட்டை அது முன்னாலயே கிழிச்சுப் போட்டுட்டு வந்தேன்.

அதோட உட்டாங்களா? ஊருக்கு வர்ற நர்சு ஒண்ணு, மாசம் தவறாம வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, “கண்ணாஸ்பத்திரிக்குப் போனீங்களா, போனீங்களா”ன்னு. ஒரு நாள் அதோட நோட்டைப் புடுங்கிக் கெணத்துல எறிஞ்சேன். அடுத்தது உன்னையத்தான் எறிவேன்னேன். அப்பறம் அது எங்கூட்டுப் பக்கமே தலை காட்டலை. கடைசி வரியைப் படிச்ச கண்ணு தம்பி இது. அந்தக் கண்ணுக்கா ஊசி?

அப்பறம் வந்துச்சு பாருங்க, போன வருசம் கார்த்திகை மாசம்.

சிகாமணி ஆசாரின்னு ஒருத்தன். எங்கூர்ல இரும்புப் பட்டறை வெச்சிருந்தான். முப்பது வருசமா எனக்குக் கத்தி அடிச்சது அவன்தான். என்னைவிட ரெண்டு வயசு எளையவன், அண்ணா அண்ணான்னுதான் கூப்புடுவான். அவன் அடிச்ச கத்தி நூலாட்டம் நேரா இருக்கும், அதுல குத்தம் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்டவன் கார்த்திகையில ஒரு கத்தி கொண்டாந்து குடுத்தான். வாங்கிப் பாக்கறேன், நடுவுல வளைவு. அவரைக்காய்க்கு இருக்குமே, அத்தனைதான். “ஏன்டா ஆசாரி, என்னடா இது கோணலா இருக்குது?”ன்னேன். வாங்கி, ஒரு கண்ணை மூடிப் பாத்தான். “நேராத்தானுங்கண்ணா இருக்குது”ன்னான். பளார்னு ஒண்ணு உட்டேன்.

இல்லீங்க, இருங்க. மொதத் தடவை அடிக்கலை. மொதத் தடவை கத்தியைச் சாக்கடையில எறிஞ்சுட்டு, வேற அடிச்சுட்டு வாடான்னேன். ரெண்டாவது வந்துச்சு, அதுவும் கோணல். மூணாவதும் கோணல். நாலாவதுக்குத்தான் அடிச்சேன். எனக்கும் பொறுமை இருக்குதுங்க.

அஞ்சாவது கத்தியை இரும்பு ஸ்கேலோட கொண்டாந்தான். கத்தியை ஸ்கேலு மேல படுக்க வெச்சு, “பாருங்கண்ணா, நடுவுல சந்து தெரியுதுங்களா?”ன்னான். குனிஞ்சு பாத்தேன். சந்து தெரியலை. ஏன் தெரியலைங்கறீங்க? ஸ்கேலும் வளைஞ்சிருந்துச்சு! திருட்டுப்பய, கத்திக்குத் தோதா ஸ்கேலையும் வளைச்சுக் கொண்டாந்திருக்கறான். எப்பேர்ப்பட்ட களவாணின்னு பாத்துக்குங்க. வேற எவனாச்சும் இருந்தா ஏமாந்திருப்பான்.

அப்பத்தான் அவன் வாயைத் தொறந்தான். “அண்ணா, கோவிச்சுக்காதீங்க. எங்கய்யனுக்கும் கடைசி காலத்துல இப்படித்தான் ஆச்சு. நேரா இருக்கற இரும்பை, வளைஞ்சிருக்குது நிமித்தறேன்னு தட்டித் தட்டிக் கோணலாக்குவாரு. சக்கரை கண்ணுல எறங்கியிருந்துச்சு. நாங்க நேரத்துல பாக்கலை. சாகறப்ப எம் மூஞ்சி அவருக்குத் தெரியலைங்கண்ணா. ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துருங்க”ன்னான். கத்தி அடிக்கத் தெரியலை, கண்ணைப் பத்திப் பேசறான்! அவன்ற ஸ்கேலைப் புடுங்கி அதுலயே அடிச்சேன். காதோரம் கிழிஞ்சு கழுத்து வரைக்கும் ரத்தம் எறங்குச்சு. துண்டுல தொடச்சுக்கிட்டு, “ஆறாவதா ஒண்ணு அடிச்சுக் கொண்டாறேனுங்கண்ணா”ன்னு போயிட்டான். தப்பு இல்லாதவன் அப்படிப் போவானா?

அந்த வருசம் எல்லாமே கோணலுங்க. காலம் கெட்டுப்போச்சு. எங்கூட்டுக்கு எதுக்க கரண்டுக் கம்பம் நட்டாங்க, நடுவுல இடுப்பு ஒடிஞ்சாப்புல நிக்குது. லைன்மேனைக் கூப்புட்டுக் கேட்டா, நேராத்தான் நிக்குதுங்கறான். அவன் சட்டையைப் புடிச்சுக் கம்பத்துலயே ஒரு மோது மோதுனேன். கதவு நெலை கோணல், செவத்து ஓரம் கோணல். எல்லாக் களவாணிகளும் ஒண்ணாச் சேந்துக்கிட்டு நேரா இருக்குது, நேரா இருக்குதுன்னு ஒரே பாட்டு.

ஊட்டுக்குள்ள பாவாத்தா. அதையும் சொல்லிர்றேன், ஆம்பளைக்கு ஆம்பளை சொல்லிக்க வேண்டியதுதான். கல்யாணமாயி முப்பத்தெட்டு வருசம், ஒரு சொல்லு எதுத்துப் பேசுனவ இல்லை. அந்த மார்கழியில அவளும் மாறிட்டா. சோறு போடறப்பப் பாக்கறேன், வாயை ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு நிக்கறா. என்னையப் பாத்து வலிச்சுக் காட்டறா, நக்கல். “மூஞ்சியை நேரா வெய்யி”ன்னேன். “நேராத்தானுங் மாமா இருக்குது”ன்னா. ஆசாரி சொன்ன அதே வார்த்தை! ஒரே அடி. கொழம்புச் சட்டி மேலயே போயி உழுந்தா. எந்திரிச்சு வந்து நின்னா, பாக்கறேன், இன்னும் எச்சாக் கோணியிருக்குது. மறுக்கா அடிச்சேன். அந்த மாசம் பூரா அப்படித்தான். அவ கோணறதை நிறுத்தலை, நான் அடிக்கறதை நிறுத்தலை. பல்லு ஒண்ணு போச்சு அவளுக்கு. கடைசியில அவளே ஒரு வழி கண்டுபுடிச்சா. சோறு போடறப்ப முந்தானையை இழுத்து வாய்க்கு நேராப் புடிச்சுக்குவா. அப்பறம் நான் அடிக்கறதில்லை. அடிச்சாத்தானுங்களே புத்தி வருது.

இப்பவும் அப்படித்தான். பாத்திருப்பீங்களே, சேலையை வாயில புடிச்சுட்டுத்தான வந்தா?

சரி, மாட்டுப் பொங்கலுக்கு வர்றேன். சேவக்கட்டு நடக்கற எடத்துல ஆயிரம் பேரு. என்ற செவலைச் சேவல், குஞ்சுலருந்து கம்பும் ராகியும் பாதாமும் போட்டு என்ற கையில வளத்தது. எதிர்ப்பக்கம் கரட்டுப்பாளையத்துச் சென்னியப்பன். பத்து வருசமா என்ற கட்டுகிட்டத் தோத்துட்டே இருந்தவன். என்ற கையில இருந்தது ஆசாரி ஆறாவதா அடிச்ச கத்தி. அதுவும் கோணல்தான், ஆனா வேற வழியில்லை. அதனால நான் என்ன பண்ணுனேன், வளைவு எந்தப் பக்கம் போகுதோ அதுக்கு எதுப்பக்கமாத் திருப்பி வெச்சுக் கட்டுனேன். கத்தியில இருந்த கோணலை என்ற கட்டுல நிமித்திட்டேன். அந்த வித்தை எல்லாருக்கும் வராதுங்க.

சேவலை உட்டாங்க. செவலை ஆள் உசரத்துக்கு எகிறிச்சு. ரெண்டு காலையும் மடிச்சு ஒரே வீச்சு. வீச்சு எதிரி மேல படலை. எடது காலுக் கத்தி அதோட வலது தொடையிலயே எறங்கிருச்சு. ரத்தம் பீச்சி என்ற வேட்டி மேல அடிச்சுது. உழுந்து எந்திரிச்சு மறுக்கா எகிறிச்சு. இந்தத் தடவை தன்ற வயித்தையே கிழிச்சுக்கிச்சு. குடல் மண்ணுல இழுபடுது, அப்பவும் எதிரியைப் பாத்து நாலு எட்டு நடந்துச்சுங்க அது. எதிரிச் சேவல் ஒரு அடிகூட அடிக்கலை. நின்ன எடத்துல நின்னு பாத்துட்டிருந்துச்சு. செவலை அது காலடியில போயிச் சாஞ்சுருச்சு.

நான்தான் நூலை அறுத்துக் கத்தியை எடுத்தேன். சென்னியப்பன் செவலையைத் தலைகீழாத் தூக்கிக்கிட்டு, “என்னங்கண்ணா, கட்டு மறந்து போச்சுங்களா?”ன்னான். “கட்டு சரிதான்டா. கத்திதான் கோணல்”னேன். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்”னான். ஆயிரம் பேரும் சிரிச்சாங்க தம்பி. சின்னது பெருசு எல்லாம். அந்தச் சிரிப்பு இந்த நிமிசம் வரைக்கும் என்ற காதுக்குள்ள கேட்டுட்டேதான் இருக்குது.

நேராப் பட்டறைக்குப் போனேன். ஆசாரி பட்டறையைக் கூட்டிக் கழுவிட்டு ஒத்தையில உக்காந்திருந்தான். என்ற வேட்டியில ரத்தத்தைப் பாத்ததும், “ஐயோ அண்ணா, எங்க அடி பட்டுச்சு?”ன்னு எந்திரிச்சு ஓடியாந்தான். நடிப்பு. அவன்ற வலது கையைப் புடிச்சு இழுத்து, இரும்பை வெச்சு அடிக்கற கல்லு மேல வெச்சேன். சம்மட்டி பக்கத்துலயே சாத்தியிருந்துச்சு. ரெண்டு போடு போட்டேன். மொதப் போடுக்குக் கத்துனான். ரெண்டாவதுக்குக் கத்தலை. அஞ்சு வெரலும் அஞ்சு தெசையில போயிருச்சு. “இப்பச் சொல்றா, எது நேரு எது கோணல்னு”ன்னேன். ரெண்டு போடும் குறி தப்பாம உழுந்துச்சு பாருங்க. அந்தக் கண்ணுக்கா ஊசி?

தம்பி, இருக்கறீங்கல்ல?

போலீசு வந்து கூட்டிட்டுப் போயி டேசன்ல உக்கார வெச்சுட்டாங்க. மூணு நாள் கழிச்சு ஆசாரி வந்தான், கையில தலகாணி அளவுக்குக் கட்டு. “எழுதிக் குடுய்யா, உள்ள தூக்கிப் போட்டுர்றேன்”னாரு இன்ஸ்பெக்டரு. ஆசாரி என்ன சொன்னாங்கறீங்க? “கேசு வேண்டாமுங்க. கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன்னு எழுதி இவருகிட்டக் கையெழுத்து வாங்கிக் குடுங்க. அது ஒண்ணு போதும்”னான். டேசனே சிரிச்சுது. ஏட்டய்யா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாரு. செயிலுக்கு அனுப்பியிருந்தாக்கூட எனக்கு மரியாதை. குருடன்னு முத்திரை குத்தி ஊருக்குள்ள உட்டான். எத்தனை வன்மம் இருந்தா அப்படிக் கேப்பான்? கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். ஆனாப் போவனா? எட்டு மாசம் ஆச்சு, போகலை. என்ற பகையாளி சொல்லி நான் ஒரு எடத்துக்குப் போறதா?

அவன் பட்டறையை மூடிட்டான். கையி இரும்பு தூக்க மாட்டேங்குதாம். டீக்கடையில எடது கையில கிளாசைப் புடிச்சுக் குடிச்சுட்டிருப்பான். என்னையக் கண்டா எந்திரிச்சு நிப்பான். “கண்ணைக் காட்டுனீங்களாண்ணா?”ம்பான். நான் காறித் துப்பிட்டு வருவேன்.

ஆனி மாசம் ஒரு நாள் வெடியால, எருமையை இழுத்துக் கட்டிட்டிருக்கறேன். எடது கண்ணுக்குள்ள கருப்பா ஒரு நூல் எறங்குச்சு. பொகையாட்டம் சுத்துச்சு. கையை ஆட்டி ஓட்டிப் பாத்தேன், போகலை. மத்தியானத்துக்குள்ள செவப்பாத் தெரை உழுந்து, பொழுது உழுகறதுக்குள்ள முழுசாக் கருத்துப் போச்சு. ஒரு துளி வலி இல்லீங்க. நந்தியாவட்டைப் பூ வெச்சுக் கட்டுனேன், பூசாரியை வெச்சு மந்திரிச்சேன், ஒண்ணும் கேக்கலை. ஆசாரி வயித்தெரிச்சல், வேற என்ன? அவன் கையி போச்சு, என்ற கண்ணு போச்சு, சரிக்குச் சரின்னு உட்டுட்டேன்.

அப்பறம் ஏன் வந்தீங்கன்னு கேப்பீங்க. போன வெள்ளிக்கெழமை வாசல்ல பாம்பு தம்பி. என்ற கண்ணாலதான் பாத்தேன், தரையில நெளிஞ்சு போகுது. கடப்பாரையை எடுத்து ஒரே போடு. பாத்தாத் தண்ணி பாய்ச்சற ஓஸ். அதை இழுத்துட்டு நின்னவ பாவாத்தா. கடப்பாரை அவ கால்ல எறங்கி ரெண்டு வெரலு நசுங்கிப் போச்சு. தப்பு யாரு மேலங்க? நேராப் போட வேண்டிய ஓஸை எவளாச்சும் பாம்பாட்டம் நெளிச்சு இழுப்பாளா? அவ கத்தலை. அங்கயே உக்காந்து காலைச் சேலையில சுத்திக்கிட்டே சொன்னா, முப்பத்தெட்டு வருசத்துல மொதத் தடவை. “ஒண்ணு, கண்ணாஸ்பத்திரிக்கு வாங்க. இல்லைன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். நீங்க வேற எவளையாச்சும் அடிச்சுக்குங்க”ன்னா. அந்த வாயைக் கிழிச்சிருப்பேன். ஆனாச் சோறாக்க ஆள் வேணுமில்லீங்க. அதான் வந்தேன்.

இப்பக்கூடக் காதைத் தீட்டி வெச்சுட்டுத்தான் உக்காந்திருக்கறேன். அவ வந்தாத் தெரிஞ்சுரும். ஒரு காலு செருப்புச் சத்தம் போடும், இன்னொரு காலு இழுபடும்.

வாங்க, எந்திரிங்க, போலாம். என்னது? ஊசி போட்டுக்கலாம்ங்கறீங்களா? உங்கம்மாவுக்கு நாலு ஊசி போட்டு இப்பப் பேப்பர் படிக்கறாங்களா? அவங்களுக்குச் சீக்கு இருந்துச்சு, போட்டாங்க. எனக்குத்தான் ஒண்ணுமில்லையே. நம்பிக்கை இல்லைன்னாக் கையை நீட்டுங்க. பயப்படாதீங்க, சின்னதுதான். மடியில வெச்சிருக்கறேன். வாசல்காரன் பையைத்தான் பாத்தான், மடியைப் பாக்கலை. இந்தாங்க, மெதுவாப் பிரிங்க. செவலை கால்லருந்து எடுத்த அதே கத்தி, அறுத்த நூலுகூட அதுலயே இருக்குது. அன்னைக்குத் துணியில சுத்துனதுதான், பஞ்சாயத்து வெச்சாக் காட்டோணும்னு அப்படியே வெச்சிருக்கறேன். பிரிச்சதே இல்லை.

இப்பப் பாருங்க. நடுவுல அவரைக்காயாட்டம் ஒரு வளைவு தெரியுதுங்களா? அது எத்தனை சின்ன வளைவு! ஊர்ல ஒருத்தன் கண்ணுக்கும் தெரியலை, என்ற கண்ணுக்குத்தான் தெரிஞ்சுது. அந்தக் கண்ணைப் போயி நோவுங்கறாங்க.

என்ன தம்பி?

நல்லா வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. ஜன்னலுக்குப் போயிப் பாருங்க.

என்னது, நேரா இருக்குதா? ஸ்கேலாட்டம் இருக்குதா? ஏனுங், உங்களுக்கு ஆசாரி என்ன வேணும்? மாமனா, மச்சானா? உங்களையும் சொல்லி வெச்சு அனுப்பியிருக்கறானா? கண்ணு தெரியாதவன்னு வெளையாடறீங்களா? இந்தக் கையி இன்னும் இருக்குது, தெரியுமுல்ல? ஒரு கை நசுக்குனவனுக்கு இன்னொண்ணு...

இல்லைம்மா. இல்லை நர்சம்மா. கத்தலை. கண்ணைத் தொறக்கலை, மூடித்தான் இருக்கறேன். உக்காந்துட்டேன்.

குடுங்க இப்படி. குடுங்கங்கறேன். வளைவு எங்க இருக்குதுன்னு வெரலை வெச்சே காட்டறேன். காலு ரெண்டும் மரத்துப்போச்சு, ஆனா இந்தக் கட்டை வெரலு நூலுல எத்தனை பிரின்னு சொல்லும். பாருங்க, இது மொனை. இது முதுகு. இப்படியே வாங்க. இந்த எடத்துல, இதோ, இங்க...

இருங்க.

அந்தப் பக்கமா வர்றேன். காம்புலருந்து மொனைக்கு. இதோ, இந்த எடத்துல வரோணும். இந்த எடத்துலதான்...

தம்பி, கத்தியை மாத்திட்டீங்களா? மாத்தியிருக்க மாட்டீங்க. இது என்ற நூலுதான், மெழுகு போட்டது. நான் போட்ட முடிச்சு. ரத்தம் காஞ்சு பொருக்கா ஒட்டியிருக்குது. அதே கத்திதான்.

நேராத்தானுங்க இருக்குது.

வெரலு எங்கயும் நிக்கலை. வழுக்கிட்டுப் போகுது. தொட்டுப் பாத்ததே இல்லீங்க நான். கண்ணால பாத்ததை எதுக்குத் தொட்டுப் பாக்கோணும்? கூரு மட்டும்தான் நகத்துல வெச்சுப் பாப்பேன். அப்ப அந்த அஞ்சு கத்தி? அந்த ஸ்கேலு? கம்பம் நேராத்தான் நின்னுச்சுங்களா? செவலைக்கு நான்தான்... நான்தான் கோணலாக் கட்டுனேன். எங்க அடி பட்டுச்சுங்கண்ணான்னு ஓடியாந்தானே தம்பி அவன். நெசமாத்தான் கேட்டிருக்கறான். முப்பது வருசம் எனக்குக் கத்தி அடிச்ச கையி. நான் எடுத்துக் கல்லு மேல வெச்சேன்.

இருங்க, சத்தம் கேக்குதுங்களா? ஒரு செருப்பு. அவதான்.

கத்தியைப் புடிங்க, நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு வேண்டாம்.

பாவாத்தா. ஏ பாவாத்தா. சீட்டு வாங்கிட்டியா? ஊசிதான? போட்டுக்கறேன். எங்கயும் போகலை, இங்கயேதான் இருக்கறேன். ரெண்டு ஊசி போட்டாலும் போட்டுக்கறேன். கிட்ட வா. முந்தானையை வாயில புடிச்சிருக்கறயா இப்பவும்? எடு அதை. எடுன்னா எடு. கிட்ட வா புள்ள.

ஏனுங் தம்பி, நான் கையைத்தான் தூக்குனேன், அவ என்ன பண்ணுனா? சேலை சரசரன்னு கேட்டுச்சு, காலு இழுபட்டுச்சு. பின்னால போயிட்டாளுங்களா? எத்தனை தூரம் போயிட்டா?

அடிக்கறதுக்கில்லை பாவாத்தா. தொட்டுப் பாக்கறதுக்கு. பாரு, வெறுங்கையிதான். கத்தி தம்பிகிட்ட இருக்குது.

வர மாட்டேங்கறாளா?

சரி. வர வேண்டாம். அங்கயே நிக்கட்டும். தம்பி, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்களே. நீங்க பாத்துச் சொல்லுங்க. அவ வாயி நேராத்தான இருக்குது?